கிழக்கு சீமில் ஒரு மழை ஞாயிறு

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலி நிலையத்தில் யாருக்கும் பிடிக்காத ஒன்று மௌனம். நான் இப்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பத்து விநாடி சும்மா இருந்தால், வானொலிப் பெட்டிக்கு என்ன ஆனது என்று தட்டிப் பார்ப்பீர்கள். 1958-ல் பிபிசி வானொலியில் ஒலிபரப்பான ஒரு நகைச்சுவை நாடகம் அந்த மௌனத்தை வைத்தே மக்களைச் சிரிக்க வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே மழை. கடை எதுவும் திறந்திருக்காது. வீட்டுக்குள் நாலு பேர். ஒருவர் பெருமூச்சு விடுகிறார். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி பெருமூச்சு. மணி என்ன என்று கேட்கிறார், சொல்கிறார்கள். இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கிறதா என்று நொந்துகொள்கிறார். மதியச் சாப்பாட்டைக் குறை சொல்கிறார்: என் அம்மாவுக்கும் சமைக்கத் தெரியாதுதான், ஆனால் அவள் வைத்த குழம்பாவது தட்டில் ஓடும். அப்புறம் சுவரில் ஒட்டிய காகிதத்தின் பூவேலைக்குள் ஒரு கிழவனின் முகம் தெரிகிறது என்று உற்றுப் பார்க்கிறார். கதை என்று சொல்ல இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

அந்தப் பெருமூச்சுக்காரர் டோனி ஹான்காக். 1924-ல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். அவர் பெயரிலேயே ‘ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்’ என்ற தொடர் 1954 நவம்பர் 2 அன்று வானொலியில் தொடங்கியது. அந்த ஞாயிறு நாடகம் அதில் ஒரு பகுதிதான். 1956-ல் தொலைக்காட்சிக்கும் வந்தது. தொடரில் அவருடைய பாத்திரத்தின் பெயரும் ஹான்காக்தான். தொழிலும் அதேதான், நகைச்சுவை நடிகர். ஆனால் சரியான வாய்ப்பு எதுவும் வராதவர். லண்டனை ஒட்டிய கிழக்கு சீம் என்ற ஊரில், இருபத்து மூன்றாம் எண் வீட்டில் இருக்கிறார். சீம் உண்மையான ஊர். கிழக்கு சீம் எழுத்தாளர்களின் கற்பனை. எதற்கும் எரிந்து விழுவார், நாலு பேரோடு பழகத் தெரியாது. தான் பெரிய கலைஞன், உலகத்துக்குத்தான் அது புரியவில்லை என்று மனதார நம்புவார்.

இந்த மனிதரை எழுதியவர்கள் ரே கால்டன், ஆலன் சிம்ப்சன். இருவருக்கும் இளம் வயதிலேயே காசநோய். 1948-ல், இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் மில்ஃபோர்டு என்ற இடத்தில் இருந்த காசநோய் மருத்துவமனையில்தான் அவர்கள் சந்தித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் காசநோய்க்கு முக்கியமான வைத்தியமே மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பதுதான். படுக்கையில் வானொலி கேட்டார்கள். மருத்துவமனைக்குள் ஓடிய சிறிய வானொலிக்கு நகைச்சுவைத் துணுக்கு எழுதிப் பழகினார்கள். அந்த ஞாயிறு நாடகத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டில்கள்தான் நினைவுக்கு வரும். மணி நகரவே மாட்டேன் என்கிற வேதனையை அவர்கள் படுத்துக்கொண்டே படித்திருக்கிறார்கள். சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தவனுக்குத்தான் சுவரில் முகம் தெரியும்.

அதுவரை வானொலி நகைச்சுவை என்றால் இரண்டு துணுக்கு, நடுவில் ஒரு பாட்டு, மறுபடி துணுக்கு. இவர்கள் முதலில் பாட்டை எடுத்தார்கள். பிறகு விகடப் பேச்சைக் குறைத்தார்கள். தொடரில் உடன் நடித்த கென்னத் வில்லியம்ஸ் குரலை மாற்றி மாற்றிப் பேசிக் கைதட்டல் அள்ளிக்கொண்டிருந்தார், காலப்போக்கில் அதுவும் போயிற்று. 1961-ல் தொடரில் ஹான்காக்கின் கூட்டாளியாக நடித்த சிட் ஜேம்ஸையும் விலக்கினார்கள். ஹான்காக் விரும்பியதே அதைத்தான். தொடரின் பெயர் வெறும் ‘ஹான்காக்’ ஆயிற்று, நேரம் 25 நிமிடமாயிற்று.

அந்த வரிசையின் முதல் பகுதியை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் பகுதியில் ஓர் ஒற்றை அறை. 25 நிமிடமும் ஹான்காக் மட்டும்தான், வேறு ஆள் கிடையாது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் தத்துவ நூல் ஒன்றை எடுத்துப் படிக்கிறார். இரண்டு வரிக்கு ஒரு முறை அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கிறது, வைத்துவிடுகிறார். தொலைபேசி மணி அடிக்கிறது. யாரோ ஒரு பெண், எண் மாறி அழைத்துவிட்டாள். பேச்சுவாக்கில் இவரை ஒரு விருந்துக்குக் கூப்பிடுகிறாள். மனிதர் குழந்தை மாதிரி மகிழ்ந்து கிளம்பத் தயாராகிறார். அப்புறம் அந்த அழைப்பும் இல்லை என்றாகிவிடுகிறது. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கன்னம் தொங்கி, கண் இடுங்கி, ஒரு சொல் பேசாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடும் முகம். காமிராவை முகத்துக்கு அருகே கொண்டுபோனால் போதும் என்று இயக்குநர் டங்கன் வுட் புரிந்துவைத்திருந்தார்.

அதே ஆண்டு ஜூன் 23 அன்று வந்த ‘தி பிளட் டோனர்’தான் பலருக்கும் தெரிந்தது. ரத்த தானம் செய்யப் போகிறார். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்ததும் கடமை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார். ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று அதிகமாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், அது ஏறக்குறைய ஒரு முழுக் கையில் இருக்கும் ரத்தமாயிற்றே என்று அலறுகிறார். கடைசியில் ரொட்டி வெட்டும் கத்தி பட்டு அதே மருத்துவமனைக்கு வருகிறார். அவருக்கு அவருடைய ரத்தத்தையே ஏற்றுகிறார்கள். அதைப் பார்க்கும்போது கண்களைக் கவனியுங்கள். எதிரே நிற்பவரைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்க்கும். படப்பிடிப்புக்குச் சில நாள் முன்பு கார் விபத்தில் தலையில் அடிபட்டிருந்தது. வசனம் மனப்பாடம் செய்ய முடியாமல், திரையில் ஓடும் எழுத்தைப் பார்த்துப் படித்துத்தான் நடித்தார். அப்படியும் அவ்வளவு நன்றாக வந்தது.

அதன் பிறகு அவர் விலக்கியது எழுத்தாளர்களை. எனக்கு அதுதான் ஆறவில்லை. பாட்டு இல்லாமல், நண்பன் இல்லாமல் அவர் நின்று காட்டினார். அந்த இருவரும் இல்லாமல் நிற்க முடியவில்லை. அவர்கள் 1962-ல் ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ என்ற நகைச்சுவைத் தொடரைத் தொடங்கி இன்னும் மேலே போனார்கள். இவரைக் குடி விழுங்கியது. 1968 ஜூன் 25 அன்று, ஒரு தொடரில் நடிக்கச் சென்றிருந்த சிட்னி நகரில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 44 வயது.

அவர் விட்டுப்போன சிடுமூஞ்சி நகைச்சுவைக்காரன் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இன்னொரு முறையும் வந்தான். 2006 முதல் 2011 வரை ஓடிய ‘லெட் பலூன்’ தொடரில் ஜாக் டீ ஏற்ற ரிக் ஸ்ப்ளீன் பாத்திரம் அது. ரிக்குக்கு வீடு, துணைவி, ஓரளவு வேலை எல்லாம் உண்டு. சங்கடத்துக்குப் பயந்து ஒரு சின்னப் பொய் சொல்வான், அதை மறைக்க இன்னொன்று, அப்படியே மாட்டிக்கொள்வான். நல்ல தொடர். ஆனால் ரிக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஹான்காக்கைப் பார்த்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளத் தோன்றுகிறது.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: முதலில் அந்த ஞாயிறு நாடகத்தைக் கேளுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள். இடையில் சத்தம் நின்றால் பெட்டியைத் தட்ட வேண்டாம். அவர் அங்கேதான் இருக்கிறார்.

நன்றி, வணக்கம்.