பிறந்த நாளா, கண்டுபிடித்த நாளா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். கணித, அறிவியல் மேதைகளை நினைக்க ஏற்றது பிறந்த நாளா, கண்டுபிடித்த நாளா என்பது தலைப்பு. கண்டுபிடித்த நாளே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி ஒரு போடு போட்டார்: "பிறக்காமல் எப்படி ஐயா கண்டுபிடிப்பது?" கைதட்டலும் பலமாக விழுந்தது. ஆனால் அம்மா, 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பாடுபட்டவர் ராமானுஜன் இல்லை. அவரைப் பெற்ற கோமளத்தம்மாள். அந்த நாளுக்கு மாலை போடுவதென்றால் அவருக்குத்தான் போட வேண்டும்.

ராமானுஜன் பாடுபட்ட நாளைக் காட்டட்டுமா? 1913 ஜனவரி 16. சென்னைத் துறைமுக அலுவலகக் குமாஸ்தா, ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம், கேம்பிரிட்ஜில் இருந்த கணிதப் பேரறிஞர் ஹார்டிக்குத் தன் தேற்றங்களோடு கடிதம் எழுதுகிறார். அதில் வயது ஏறக்குறைய 23 என்கிறார். கணக்குப் போடுங்கள், 25 முடிந்திருந்தது! தேற்றங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கியவர் பிறந்த நாளை நினைவில் வைத்திருந்த லட்சணம் இது. சின்னப் பையன் என்றால் ஹார்டி இரங்குவார் என்று நினைத்தாரோ என்னவோ!

அப்புறம், அயர்லாந்தின் டப்ளினுக்கு வாருங்கள். கணித மேதை ஹாமில்டனுக்கு, மூன்று மூன்று எண்களை ஒரு தொகுதியாகக் கட்டி, ஒரு தொகுதியை இன்னொரு தொகுதியால் எப்படிப் பெருக்குவது என்று வருடக்கணக்கில் குடைச்சல். காலையில் சாப்பிட வந்தால் பிள்ளைகள் கேட்பார்களாம்: "அப்பா, பெருக்க வந்துவிட்டதா?" இவர் தலையை ஆட்டி, "இல்லையப்பா, கூட்டவும் கழிக்கவும்தான் வருகிறது" என்பாராம். 1843 அக்டோபர் 16 அன்று மனைவியோடு கால்வாய்க் கரையில் நடக்கிறார். மூன்று போதாது, நான்கு எண்கள் வேண்டும் என்று பொறி தட்டுகிறது. காகிதம் தேடவில்லை, கத்தியை எடுத்துப் பாலத்தின் கல்லிலேயே சூத்திரத்தைக் கீறிவிட்டார். கீறல் அழிந்துபோனது. ஆனாலும் அதே தேதியில் அவர் வசித்த டன்சிங்க் வானாய்வகத்திலிருந்து அந்தப் பாலத்துக்கு ஆண்டுதோறும் நடந்து போகிறார்கள். அவருடைய பிறந்த நாளோ ஆகஸ்ட் 3ஆ 4ஆ என்றே குழப்பம். மனிதர் பிறந்தது நள்ளிரவில்!

நம் அரசும் சி. வி. ராமன் பிறந்த நவம்பர் 7ஐயா எடுத்துக்கொண்டது? 1928இல் ராமன் விளைவைக் கண்ட பிப்ரவரி 28ஐத்தானே 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது?

ராமனுக்கு ஒரு நியாயம், ராமானுஜனுக்கு ஒரு நியாயமா? ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22இல் கொண்டாடும் தேசியக் கணித நாளை ஜனவரி 16க்கு மாற்றுங்கள் என்கிறேன். அது பொங்கல் விடுமுறையாச்சே என்பார்கள். சரி, டிசம்பர் 22 மட்டும் என்னவாம்? அரையாண்டுத் தேர்வு நேரம், நடுவர் அவர்களே!