வண்டிக்குள் டிவி: வீட்டு லைசென்ஸ் எங்கெல்லாம் செல்லும்?

வணக்கம் நேயர்களே. பிரிட்டனில் பள்ளி விடுமுறை வந்தாலே பலரும் கேட்கும் கேள்வி, கேரவனில், அதாவது விடுமுறையில் தங்கும் வீட்டு வண்டியில், டிவி பார்க்கத் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டுமா என்பது. பெரும்பாலும் வேண்டாம்.

ஒளிபரப்பாகும் நேரத்திலேயே நிகழ்ச்சியைப் பார்க்க, பதிவு செய்ய, பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரைப் பயன்படுத்த லைசென்ஸ் தேவை. சென்னையிலிருந்து வரும் தமிழ்ச் சேனலைக் கைபேசியில் நேரலையாகப் பார்த்தாலும் இதே விதிதான். வானொலிக்கு வேண்டாம், காரில் ரேடியோ இருந்தால் அதற்குத் தனி லைசென்ஸ் எடுத்த காலம் 1971-இல் முடிந்துவிட்டது.

வீட்டு லைசென்ஸ் கட்டணம் 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டு ஆனது. அந்த ஒரு லைசென்ஸே உங்களுக்கும் உங்களோடு வழக்கமாக வசிப்பவர்களுக்கும் கார், படகு, இழுத்துச் செல்லும் கேரவன் எல்லாவற்றிலும் செல்லும். அதே நேரத்தில் வீட்டில் அம்மம்மா சீரியல் பார்த்தாலும் பரவாயில்லை. கூட வரும் நண்பர் தன் கைபேசியில் பார்த்தால், அவர் வீட்டுக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும்.

கடற்கரை முகாம்களில் நிலையாக நிற்கும் கேரவன்தான் பலரை மாட்டிவிடுகிறது. அங்கும் வீட்டிலும் ஒரே நேரத்தில் பார்த்தால், கேரவனுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். அப்படிப் பார்ப்பதில்லை என்றால், அதற்கான உறுதிமொழிப் படிவத்தை நிரப்பி, லைசென்ஸ் வழங்கும் அமைப்பான டிவி லைசென்சிங்குக்கு அனுப்பிவிடுங்கள். லண்டன் வீட்டில் மகன் நேரலையில் கால்பந்து பார்க்கும்போது நீங்கள் கேரவன் டிவியில் செய்தி போட்டாலே அந்த உறுதிமொழி மீறப்படுகிறது. அந்த நேரத்தில் கைபேசியையோ டேப்லெட்டையோ அதன் சொந்த பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். வீட்டு லைசென்ஸ் அதற்குச் செல்லும். சார்ஜரைச் சுவரில் செருகினாலோ ஆன்டெனாவில் இணைத்தாலோ அந்தச் சலுகை போய்விடும். லைசென்ஸ் இல்லாமல் பார்த்தால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம், நீதிமன்றச் செலவு தனி.

இதைவிட முக்கியம் பாதுகாப்பு. ஓட்டுநர் கண்ணில் டிவி படம் நேரடியாகவோ கண்ணாடிப் பிரதிபலிப்பாகவோ படக்கூடாது என்கிறது 1986-ஆம் ஆண்டு வாகன விதி. வழிகாட்டும் வரைபடம், வண்டியின் நிலை காட்டும் திரை போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. பிள்ளைகளுக்கான திரையை முன் இருக்கையின் பின்புறம் மாட்டுங்கள். மாட்டியதும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் படம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் திரையைக் கீழே இறக்கிவிடுங்கள்.