ஒரு பென்னி கூடினால் 83 பவுண்ட் காலி!

வணக்கம் மக்களே. மைக்கை இன்னும் மாற்றவில்லை, அதே இரைச்சல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று வேறு வீடியோ போடுவதாக இருந்தது. ஆனால் பிரிட்டனில் இருக்கும் என் அத்தை மகள் நேற்று போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. படிவம் என்றாலே எனக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். இது படிவத்தைவிட மோசம்.

அவளுடைய மாமியாரைக் குளிப்பாட்டுவதிலிருந்து மாத்திரை கொடுப்பது வரை எல்லாம் அவள்தான். வாரம் 35 மணி நேரமாவது இப்படிப் பார்த்துக்கொண்டால் அங்கே 'கேரர்ஸ் அலவன்ஸ்' என்ற அரசு உதவித்தொகை உண்டு. 2025 ஏப்ரல் கணக்குப்படி வாரத்துக்கு 83.30 பவுண்ட். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 2.38!

சரி, அதுகூடப் போகட்டும். வெளியே வேலைக்கும் போகலாம், ஆனால் அதே 2025 கணக்குப்படி வாரச் சம்பளம் 196 பவுண்டைத் தாண்டக் கூடாது. தாண்டிய அளவுக்குக் குறைப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? கிடையாது. ஒரு பென்னி (பவுண்டில் நூறில் ஒரு பங்கு) கூடினாலும் அந்த வாரத் தொகை மொத்தமும் போச்சு. 2025 கணக்கில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். அவள் பார்ப்பது 16 மணி நேர வேலை, 195.36 வருகிறது. கூடுதலாக நாலு மணி நேர ஷிப்ட் கொடுத்தார்களாம். அதில் வருவது 49 பவுண்டுகூட இல்லை, போவது 83. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உழைத்தால் நஷ்டம் என்று எந்தப் புத்திசாலி கணக்குப் போட்டாரோ!

ஆ, ஒன்றை விட்டுவிட்டேன். அந்த 196 என்பது வரியும் தேசியக் காப்பீடும் (சம்பளத்தில் அரசு பிடிக்கும் சந்தா) கழித்த தொகை. பென்ஷனுக்குக் கட்டுவதிலும் பாதி கழியும். இது தெரியாமல் எல்லையைத் தாண்டியவர்களுக்கு, வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறது. 2024ல் அது பெரிய சர்ச்சையாகி, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக உழைத்த லிஸ் சேய்ஸ் தலைமையில் அரசே ஆய்வு வைத்தது.

இன்னொரு கடுப்பு: இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டாலும் ஒரே தொகைதான்.

1976ல் இதை ஆரம்பித்தபோது கல்யாணமான பெண்களுக்குத் தரவே இல்லை. எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்ற நினைப்பு. அம்மாவைக் கவனிக்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் வழக்குப் போட்டு, 1986ல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். ஜாக்குலினுக்கு ஒரு பெரிய கும்பிடு.

எனக்குப் பிடித்தது ஜெர்மனி. பணம் நோயாளி பெயரில்தான் வரும், பராமரிப்பு நிலை 2 (எவ்வளவு கவனிப்பு தேவை என்பதற்கான ஐந்து படிகளில் இரண்டாவது) என்றால் 2025ல் மாதம் 347 யூரோ. அதைவிட, வாரம் 10 மணி நேரமாவது, குறைந்தது இரண்டு நாளாகப் பிரித்துக் கவனித்தால், கவனிப்பவரின் பென்ஷனுக்கு நோயாளியின் பராமரிப்புக் காப்பீடே பணம் கட்டுகிறது! வேறு வேலை வாரம் 30 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

பிரிட்டனிலிருந்து பார்ப்பவர்கள், சம்பளம் கூடினால் அந்த வாரமே நீங்களாகத் தெரிவித்துவிடுங்கள். தெரிவித்ததற்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சம்பளச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.