ஃபெர்மே: சாத்துவதா, பூட்டுவதா, அணைப்பதா?

[திரையில்: அடுப்பின் குமிழைத் திருகும் கை]

வணக்கம். பிரெஞ்சில் 'ஃபெர்மே' என்று ஒரு வினைச்சொல். அகராதியில் அதற்கு நேரே முதலில் 'க்ளோஸ்' என்றுதான் இருக்கும், அதை நம்பி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் சீக்கிரமே மாட்டிக்கொள்வோம். இந்தக் குமிழையே பாருங்கள். பிரெஞ்சில் சமையல் கேஸையும் 'ஃபெர்மே' செய்யலாம், ஆனால் ஆங்கிலத்தில் 'க்ளோஸ் த கேஸ்' என்றால் கேட்கிறவர் முழிப்பார், அங்கே 'டர்ன் ஆஃப்' தான். தண்ணீர்க் குழாய்க்கும் அதேதான்.

தமிழ் பேசுகிற நமக்கு இது சுலபமாகப் பிடிபடும். கதவைச் சாத்துகிறோம், விளக்கை அணைக்கிறோம், பெட்டியை மூடுகிறோம், எந்தப் பொருள் என்று பார்த்துத்தானே வினையே வருகிறது?

[திரையில்: கதவு, பூட்டில் சாவி]

சரி, கதவு. 'ஃபெர்மே லா போர்த்' என்றால் சாத்தினால் போதும். பூட்டச் சொல்ல 'ஆ க்ளே', அதாவது சாவி போட்டு, என்று சேர்ப்பார்கள். அந்த ரெண்டு குட்டிச் சொல்லைக் கவனிக்காமல் விட்டால் ஆங்கிலத்தில் 'லாக்' வர வேண்டிய இடத்தில் 'ஷட்' வந்து உட்கார்ந்துவிடும். பிரெஞ்சு பேசும் கனடா நகரமான மான்ட்ரியலில் பூட்டுவதற்கு 'பாரே' என்பார்கள். பிரான்ஸில் அதே சொல் குறுக்கே மறிப்பதற்கு. சாலையில் 'ரூத் பாரே' என்று பலகை இருந்தால் ஆங்கிலத்தில் 'ரோடு க்ளோஸ்டு'.

[திரையில்: பேக்கரிக் கதவில் ஒட்டிய காகிதம்]

நான் ரொம்பக் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். ஆகஸ்ட் மாதம் பாரிஸில் பல கடைகளின் கதவில் 'ஃபெர்மெத்யூர் அன்யுவெல்' என்று ஒட்டியிருக்கும், வருடாந்திர விடுமுறை, அவ்வளவுதான். ஆனால் ஒரு தொழிற்சாலை 'ஃபெர்மே' ஆனது என்று செய்தியில் வந்தால் அது அன்றைக்கு மட்டுமா, ஒரேயடியாகவா? ஒரேயடியாக என்றால் ஆங்கிலத்தில் 'க்ளோஸ்டு டவுன்', 'ஷட் டவுன்' என்று தெளிவாகவே எழுத வேண்டும், வேலை போனவர்களின் கதை அது, வெறும் 'க்ளோஸ்டு' என்று போட்டால் விடுமுறை மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் 'க்ளோஸ்', 'ஷட்' ரெண்டில் எது? 'க்ளோஸ்' பழைய பிரெஞ்சின் 'க்ளோர்' வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பிரெஞ்சிலோ 'க்ளோர்' இன்று கூட்டம், விவாதம் முடிப்பது போன்றவற்றோடு சுருங்கிவிட்டது, கதவெல்லாம் 'ஃபெர்மே' கைக்கு வந்துவிட்டது. 'ஷட்' பழைய ஆங்கிலச் சொல், முதலில் தாழ்ப்பாள் போடுவது. கூட்டத்தை 'க்ளோஸ்' செய்யலாம், 'ஷட்' என்றால் காதில் இடிக்கும்.

[திரையில்: 'லா ஃபெர்ம்']

கடைசியாக ஒன்று. கோபத்தில் கத்தினால் இது 'வாயை மூடு', ஆங்கிலத்தில் 'ஷட் அப்'. அமைதியாகச் சொன்னால் பண்ணை, 'த ஃபார்ம்'. ரெண்டுக்கும் வேர் 'உறுதியாக்கு' என்ற ஒரே லத்தீன் வினைதான்: கதவை உறுதியாக்கியது மூடுவதானது, நிலத்துக்கு உறுதி செய்த குத்தகை பண்ணையானது.