ஈஸ்ட்டில் சமிக்ஞை ஓடுகிறதா? மஞ்சள் நிறத்தை வைத்து அளப்பது எப்படி

[திரை: செல் சவ்விலிருந்து உட்கரு வரை அம்புக்குறிகள்]

ஈஸ்ட்டில் ஆண், பெண் போல "ஏ", "ஆல்ஃபா" என இரு வகைச் செல்கள் உண்டு. "ஏ" வகைச் செல்லுக்கு இணையான "ஆல்ஃபா" செல் விடும் தூது, ஆல்ஃபா ஃபேக்டர். 13 அமினோ அமிலங்கள் கொண்ட சின்ன பெப்டைடு. இது ஸ்டீ2 ஏற்பியில் போய் ஒட்டினால் உள்ளே ஜி புரதம் முடுக்கப்படும். அதைத் தொடர்ந்து ஸ்டீ11 என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) ஸ்டீ7-க்குப் பாஸ்பேட் ஏற்றும், ஸ்டீ7 ஃபஸ்3-க்கு ஏற்றும். கடைசியில் ஸ்டீ12 என்ற புரதம் ஃபஸ்1 போன்ற மரபணுக்களை இயக்கிவிடும்.

இதை இரண்டு இடத்தில் அளக்கலாம்: கடைசியில் மரபணு ஓடுகிறதா, நடுவில் ஃபஸ்3-மேல் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா. முதலாவது எளிது.

[திரை: ஃபஸ்1 புரோமோட்டர், அதன் பின்னால் லாக்-இசட் மரபணு]

ஃபஸ்1 புரோமோட்டருக்கு (மரபணுவை இயக்கும் சுவிட்ச் பகுதி) பின்னால் லாக்-இசட் மரபணுவைச் சேர்த்தால், ஃபஸ்1 ஓடும்போதெல்லாம் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதி உருவாகும். அப்படிச் சேர்த்த செல்களை, 600 நானோமீட்டரில் ஓடி (OD, வளர்ப்பின் கலங்கல் அளவு) 0.5 வரும்வரை வளர்த்தெடுங்கள். 1 மைக்ரோமோலார் ஆல்ஃபா ஃபேக்டர் சேர்த்து 30 டிகிரியில் 90 நிமிடம் குலுக்குங்கள். பார்1 மரபணு நீக்கிய இனமாக இருக்கட்டும். பார்1 புரோட்டியேஸ் (புரதம் வெட்டும் நொதி) இந்த பெப்டைடை வெட்டித் தள்ளிவிடும். நீங்கள் ஊற்றிய அளவும் செல் பார்த்த அளவும் ஒன்றாக இருக்காது. ஆல்ஃபா ஃபேக்டர் குழாயின் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நீர்த்த கரைசலை நாள்கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

[திரை: குழாய்கள், ஸ்டாப்வாட்ச்]

இப்போது ஓடியைக் குறித்துக்கொண்டு, 0.5 மில்லி வளர்ப்பை மையவிலக்கில் சுற்றுங்கள். அடியில் படிந்ததை 800 மைக்ரோலிட்டர் இசட் பஃபரில் (இந்த நொதிக்கு ஏற்ற உப்புக் கரைசல்) கலக்குங்கள். பஃபரில் சேரும் மெர்காப்டோஎத்தனாலை அன்றன்றைக்கே சேர்க்க வேண்டும். 50 மைக்ரோலிட்டர் குளோரோஃபார்ம், அதே அளவு 0.1 சதவீத எஸ்டிஎஸ் (சோப்பு போன்ற பொருள்) விட்டு 15 விநாடி வோர்டெக்ஸ் செய்தால் சவ்வு ஓட்டையாகும். 30 டிகிரியில் 5 நிமிடம் வைத்துவிட்டு, மில்லிக்கு 4 மில்லிகிராம் செறிவுள்ள ஓஎன்பிஜி கரைசலை 160 மைக்ரோலிட்டர் சேருங்கள். ஓஎன்பிஜி நிறமற்றது; பீட்டா-கேலக்டோசிடேஸ் வெட்டினால் மஞ்சளாகும். குழாய்க்குக் குழாய் 15 விநாடி இடைவெளி விட்டால் நேரக் கணக்கு குழம்பாது.

இளமஞ்சள் தெரிந்ததும் 1 மோலார் சோடியம் கார்பனேட் 400 மைக்ரோலிட்டர் விட்டு, ஆன நிமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிஎச் ஏறுவதால் நொதி நின்றுவிடும், நிறமும் கூடும். அடர்மஞ்சள் வரும்வரை விட்டுவைத்தால் ஓஎன்பிஜி தீர்ந்துபோய், வலுவான மாதிரியும் நடுத்தர மாதிரியும் ஒரே எண்ணைக் காட்டும்.

மறுபடி சுற்றி, மேல்தெளிவை மட்டும் எடுத்து 420 நானோமீட்டரில் படியுங்கள். அடியிலிருக்கும் குளோரோஃபார்ம் பாலிஸ்டைரீன் குவெட்டில் பட்டால் அது மங்கிப்போகும். பிறகு வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

[திரை: மில்லர் அலகு (நொதியின் செயல்பாட்டு அளவு) = 1000 × 420 நா.மீ. அளவு ÷ (நிமிடம் × வளர்ப்பு மில்லி × ஓடி)]

இங்கே ஒரு பொறி. ஆல்ஃபா ஃபேக்டர் பட்ட செல் பிரிவதை நிறுத்தும், ஆனால் பருத்துக்கொண்டே போகும். அதனால் ஒரே ஓடியில் செல் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. சந்தேகம் வந்தால் மொத்தப் புரதத்தால் வகுப்பதே மேல். ஸ்டீ12 நீக்கிய இனம் ஒன்றும், ஆல்ஃபா ஃபேக்டரின் கரைப்பான் மட்டும் விட்ட குழாய் ஒன்றும் கூடவே ஓட வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை வேறு. பீட்டா-கேலக்டோசிடேஸ் ஈஸ்ட்டில் எளிதில் சிதையாது. அரை ஆயுள் 20 மணி நேரத்துக்கும் மேல். உண்டியலைப் போல, இதுவரை விழுந்ததைக் காட்டும், இப்போதும் விழுகிறதா என்று சொல்லாது. பாதை எப்போது அணைந்தது என்று கேட்டால் பாஸ்பேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

[திரை: வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் முறை)]

அதற்கு 0, 5, 15, 30 நிமிடங்களில் மாதிரி எடுங்கள். சுற்றி அலசிக்கொண்டிருக்காதீர்கள், அந்த இடைவெளியிலேயே பாஸ்பேட் மாறிவிடும். வளர்ப்புக்குள்ளேயே டிரைகுளோரோஅசெட்டிக் அமிலத்தை இறுதியில் 10 சதவீதம் வருமாறு ஊற்றிப் பனியில் வையுங்கள். பிறகு அசிட்டோனில் அலசி, சேம்பிள் பஃபரில் கரைக்கும்போது அதிலுள்ள நீலச் சாயம் மஞ்சளானால் அமிலம் மிச்சமிருக்கிறது. நீலம் திரும்பும்வரை டிரிஸ் விடுங்கள்.

பாலூட்டிகளின் பாஸ்போ-பி44/42-க்காக (ஃபஸ்3-ஐ ஒத்த கைனேஸ், பாஸ்பேட் ஏறிய வடிவில்) செய்த ஆன்டிபாடியே, பாஸ்பேட் ஏறிய ஃபஸ்3, அதை ஒத்த கேஎஸ்எஸ்1 இரண்டையும் பிடிக்கும். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் பிளாக் செய்யப் பால்பொடி வேண்டாம், பிஎஸ்ஏ (மாட்டு இரத்த அல்புமின்) எடுங்கள். பாலின் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். மொத்த ஃபஸ்3-க்கும் தனியாக ஒரு பிளாட் போட்டாக வேண்டும், ஏனென்றால் ஆல்ஃபா ஃபேக்டரால் ஃபஸ்3-இன் உற்பத்தியே கூடுகிறது.