கடல் விட்டுப்போன ஊரில் ஒரு பகல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் வேலை பார்த்தவன் நான். கப்பல் வரும் பாதையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று அளப்பதும், வண்டல் சேர்ந்த இடத்தில் தூர் வாரச் சொல்வதும்தான் வேலை. அதனால் எந்த ஊரில் இறங்கினாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். என் மனைவிக்கு வீடுகள் மேல் ஆசை. வாசல், சன்னல், கதவுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது, இப்படி ஒவ்வொன்றாக நின்று பார்ப்பார். எங்கள் இரண்டு பேர் ஆசையும் ஒரே பகலில் நிறைவேறிய ஊர் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் தென்கிழக்கே, கிழக்கு சசெக்ஸில் இருக்கும் ரை. ஊரின் பெயரே அவ்வளவுதான். தமிழில் எழுதினால் ஓரெழுத்து.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு மே மாதத்து வியாழக்கிழமை, நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பினோம். ஆஷ்ஃபோர்டில் வண்டி மாறினால் அங்கிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. இன்னமும் டீசலில் ஓடுகிற சின்ன ரயில். இரண்டு பக்கமும் தட்டையான பச்சை நிலம், நெடுக ஆடுகள். ரொம்னி சதுப்பு என்று பெயர். அந்தத் தட்டை நிலத்தின் நடுவே திடீரென்று ஒரு குன்று, குன்றின் மேல் சிவப்பு ஓட்டுக் கூரைகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தேவாலயக் கோபுரம். "கடலுக்கு நடுவுல தீவு மாதிரி இருக்குங்க" என்றார் என் மனைவி. அவர் சொன்னது அப்படியே உண்மை. நாங்கள் ரயிலில் கடந்து வந்த அந்த மேய்ச்சல் நிலம் ஒரு காலத்தில் கடலும் உப்புச் சதுப்புமாகக் கிடந்தது. இன்றைக்கு ரையிலிருந்து கடல் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

ஊரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வேகமாக நடந்தால் இருபது நிமிடம். நாங்கள் ஆறு மணி நேரம் நடந்தோம். கால் நோகுமே என்று நினைப்பீர்கள். நோகத்தான் செய்தது. ஆனால் ஏற்றம் எங்கே தொடங்குகிறது என்பது காலுக்குத்தான் தெரியும், காரில் போகிறவருக்குத் தெரியாது. ஏற்றம் தொடங்குகிற இடம்தான் பழைய கரை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் அங்கே வருவேன்.

முதலில் படித்துறைக்குப் போனோம். ஸ்ட்ராண்ட் என்பார்கள். தார் பூசிய கறுப்புக் கிட்டங்கிகள் வரிசையாக நிற்கின்றன. இப்போது அவற்றில் பழம்பொருள் விற்கிறார்கள். எதிரே ஆறு. ஆறு என்றால், நாங்கள் போன நேரத்தில் கடல்நீர் முழுக்க இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் பளபளவென்று சேறு. நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. "ஏங்க, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். சாயங்காலம் திரும்ப இங்கே வருவோம், அப்போது பார் என்றேன்.

அந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

ரை சாதாரண ஊராக இருந்ததில்லை. அரசருக்கென்று தனியாகக் கடற்படை இல்லாத காலத்தில், தென்கிழக்குக் கரையின் ஐந்து துறைமுகங்கள் சேர்ந்து அவருக்குக் கப்பல் கொடுத்தன. ஹேஸ்டிங்ஸ், நியூ ரொம்னி, ஹைத், டோவர், சாண்ட்விச். சிங்க் போர்ட்ஸ் என்று பெயர். பிற்பாடு ரையும் பக்கத்து ஊரான வின்செல்சியும் அவற்றோடு சமமாகச் சேர்ந்தன. எல்லாம் சேர்ந்து 57 கப்பல், கப்பலுக்கு 21 ஆள், ஒரு பையன், வருடத்துக்கு 15 நாள் கூலி இல்லாமல். பதிலுக்கு வரிச்சலுகை, தங்கள் ஊரைத் தாங்களே ஆளும் உரிமை. அப்படிப்பட்ட துறைமுகத்தில்தான் அன்றைக்குப் படகுகள் சேற்றில் கிடந்தன.

கடல் எப்படிப் போனது? "இயற்கை" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதிதான். 1287 இல் ஒரு பெரும்புயல் வந்தது. பழைய வின்செல்சி கடலுக்குள் போயிற்று; இன்றைய வின்செல்சி வேறு இடத்தில் திரும்பக் கட்டியது. நியூ ரொம்னியில் கடலில் கலந்துகொண்டிருந்த ராதர் ஆறு தடம் மாறி ரை பக்கம் வந்தது. அதில் ரைக்கு நன்மைதான். ஆறே வீடு தேடி வந்தது மாதிரி. கெடுதல் மெதுவாக, மனிதர் கையால் வந்தது.

வீட்டுக் கொல்லையில் சாக்கடை அடைத்துக்கொண்டால் என்ன செய்கிறீர்கள்? ஒவ்வொரு சொம்பாக ஊற்றினால் மண் அசையாது. ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டினால் அடித்துக்கொண்டு போகும். இல்லையா? கழிமுகத் துறைமுகமும் அப்படித்தான். கடல்நீர் ஏறும்போது சுற்றியிருக்கும் சதுப்பு முழுக்கப் பரவி நிற்கிறது. ஆறு மணி நேரம் கழித்து அவ்வளவு நீரும் ஒரே வாசல் வழியாக வெளியே பாய்கிறது. பாயும்போது வண்டலையும் தள்ளிக்கொண்டு போகிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, கூலி இல்லாமல் தூர் வாருகிறது கடல்.

சதுப்புக்குச் சொந்தக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஆடு மேய்க்க நிலம் வேண்டுமென்று கரை போட்டுத் தடுத்தார்கள். ஒரு கரை, அதற்கு வெளியே இன்னொரு கரை. கரை எழ எழ, உள்ளே வருகிற நீர் குறைந்தது. வாளி சொம்பாகிவிட்டது. வண்டல் அங்கேயே தங்கியது, கடல் கொண்டுவரும் கூழாங்கல்லும் வாசலில் குவிந்தது. ஊர்க்காரர்கள் முறையிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் புதிதாக ஒரு துறைமுகமே வெட்டினார்கள். ஜான் ஸ்மீட்டன் போன்ற பெரிய பொறியாளர் யோசனை சொன்ன வேலை அது. அறுபது வருடத்துக்கு மேல் இழுத்து, 1787 இல் திறந்து, சில மாதங்களிலேயே கைவிட்டார்கள். தூர் வாரும் தொழிலில் இருந்தவனுக்கு இதைப் படிக்கும்போது வயிறு கலங்கும். எத்தனை பேர் உழைப்பு! நீருக்கு இடம் கொடுக்காமல் துறைமுகத்தைக் காப்பாற்ற முடியாது. வேலையில் இருந்த காலமெல்லாம் இதைச் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

சரி, மேலே ஏறுவோம். படித்துறையை ஒட்டித்தான் மெர்மெய்ட் தெரு தொடங்குகிறது. இங்கேதான் கால் சொல்லும், பழைய கரை இது என்று. கப்பலில் இறங்கிய சரக்கு இந்த ஏற்றத்தில்தான் ஊருக்குள் போயிருக்கிறது. முழுக்க உருண்டைக் கல் பாவிய தெரு. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஏறினார். ஆனால் பத்தடிக்கு ஒரு முறை நின்றது முழங்காலுக்காக இல்லை, வீடுகளுக்காக. கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவரும். ஒரு வீட்டின் பெயர் "எதிர் வீடு". இன்னொன்று "இரண்டு தலைவாசல் உள்ள வீடு". அதைப் படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கொஞ்சம் மேலே ஒரு பழைய கம்பளிக் கிட்டங்கி. சாமுவேல் ஜீக் என்ற வணிகர் 1689 இல் கட்டியது. அவர் சோதிடமும் அறிந்தவர். நேரம் பார்த்து, ஜூன் 13, நண்பகலில் கடைக்கால் போட்டிருக்கிறார். அந்த நேரத்து ஜாதகத்தைக் கட்டடத்தின் முகப்பிலேயே பொறித்து வைத்திருக்கிறார். என் மனைவி அதற்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். "நம்ம வீட்டுக்குக் கடைக்கால் போட்டது வைகாசி வெள்ளி, காலைல ஆறேகால். மழை வரப் போகுதுன்னு அம்மா பயந்தாங்க, ஞாபகம் இருக்கா?" என்றார். முப்பத்தைந்து வருடமாக அந்த நேரத்தை அவர் நினைவில் வைத்திருந்தது எனக்கு அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. அங்கேயே பேசிக்கொண்டு நின்றோம். கொத்தனார், கடன், முதல் மழையில் ஒழுகிய அடுப்படி, எல்லாம் பேச்சில் வந்தது.

மெர்மெய்ட் விடுதியின் நிலவறை பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மேலே உள்ள கட்டடம் 1420 இல் திரும்பக் கட்டியது. பதினெட்டாம் நூற்றாண்டில் கள்ளக்கடத்தல் கும்பல் வந்து உட்கார்ந்து குடித்த இடம். அதைத் தாண்டினால் லாம்ப் ஹவுஸ். 1726 இல் முதலாம் ஜார்ஜ் மன்னரின் கப்பல் புயலில் பக்கத்துக் கடற்கரையில் தரை தட்டி, மன்னர் இந்த வீட்டில் வந்து தங்கினார். அன்றிரவே வீட்டுக்காரம்மாவுக்குக் குழந்தை பிறந்தது. மன்னரே ஞானத்தந்தையானார், பிள்ளைக்குப் பெயரும் ஜார்ஜ். "பிள்ளை பெத்தவளுக்கு அன்னிக்கு யார் சோறு போட்டாங்களோ!" என்றார் என் மனைவி. நான் படித்த எதிலும் அந்தக் கேள்வி இல்லை.

தேவாலயத்துக்கு வந்தோம். புனித மரியாள் தேவாலயம். கடிகார இயந்திரம் 1561–62 இல் வைத்தது, இன்னும் ஓடுகிறது. பிற்காலத்தில் சேர்த்த நீளமான ஊசல் கோபுரத்திலிருந்து தேவாலயத்துக்குள்ளேயே தொங்கி, தலைக்கு மேலே சத்தமில்லாமல் ஆடுகிறது. வெளியே கடிகாரத்துக்குப் பக்கத்தில் பொன் பூசிய இரண்டு பையன்கள். கால் மணிக்குக் கால் மணி அடிப்பார்கள், முழு மணியை அடிக்க மாட்டார்கள்.

1377 இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கொளுத்திவிட்டு இந்தத் தேவாலயத்தின் மணிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடமே ரையும் வின்செல்சியும் சேர்ந்து கப்பலேறி, நார்மண்டிக்குப் போய், மணிகளை மீட்டு வந்தார்கள். அதில் ஒன்றை எதிரி வந்தால் அடிக்கவென்று ஒரு தெருவில் கட்டினார்களாம். அதற்கு இன்றும் வாட்ச்பெல் தெரு என்றுதான் பெயர். அந்தத் தெருக்கோடியில் நின்றால் சதுப்பு முழுக்கத் தெரிகிறது. மணி அடித்தவர் எந்தப் பக்கம் பார்த்திருப்பார் என்று தெரிகிறது. அவர் பார்த்த கடல் இருந்த இடத்தில் இப்போது வயல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நிலையத்தார் கை காட்டுகிறார்கள், மூன்று நிமிடம்தான் என்று. வின்செல்சியின் நேரான தெருக்களைப் பற்றிச் சொல்ல வந்தேன், முடியாது போலிருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் ஹென்றி மன்னர் கடலோரத்தில் கட்டிய காம்பர் கோட்டை, ஊரிலிருந்து நடந்து போகிற தூரத்தில், இப்போது ஆடுகளுக்கு நடுவில் நிற்கிறது. நியூ ரொம்னி தேவாலயத்தின் தூண்களில் அந்த 1287 வெள்ளத்தின் வண்டல் கறை இன்னும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரு முழு நாள் வேண்டும்.

சாயங்காலம் நாலரைக்குப் படித்துறைக்குத் திரும்பினோம். ஏறிக்கொண்டிருந்தது தண்ணீர். காலையில் பார்த்த சேறு காணோம். சாய்ந்து கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கடைசியாக ஒரு பச்சைப் படகு மட்டும் மிச்சம். "அதுவும் எழுந்திரிச்சிட்டு போகலாங்க" என்றார் அவர். ஐந்தேகால் ரயிலை விட்டுவிட்டோம். பச்சைப் படகு மிதந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நிலையத்துக்கு நடந்தோம்.

வணக்கம்.