துப்பாக்கிக்காரரின் பழைய பெயர்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே,

பெயராய்வு பற்றிப் பேச வந்தவன் ஒரு கால்பந்து அணியின் பட்டியலை வாசித்துத் தொடங்குவது முறைதானா என்று சிலர் நினைக்கலாம். ஹங்கேரியக் குடும்பப் பெயர்களுக்கு இதைவிட நல்ல பாடநூல் எனக்கு அகப்படவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1953 நவம்பர் 25. லண்டன், வெம்ப்ளி மைதானம். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த எந்த நாட்டு அணியிடமும் சொந்த மண்ணில் தோற்றிராத இங்கிலாந்தை, ஹங்கேரி 6–3 என்று வீழ்த்திய நாள். ஆடியவர்கள்: குரோஷிச், புஸான்ஸ்கி, லோரான்த், லான்தோஷ், போஜிக், ஸகாரியாஷ், புடாய், கோச்சிஷ், ஹிடெக்குட்டி, புஷ்காஷ், ட்சிபோர். எல்லாம் குடும்பப் பெயர்கள். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னாலும் இட்ட பெயரைப் பின்னாலும் வைப்பவர்கள். உலகம் ஃபெரென்ட்ஸ் புஷ்காஷ் என்கிறது; அவர் ஊரில் அவர் புஷ்காஷ் ஃபெரென்ட்ஸ். தலைப்பெழுத்தை முன்னால் போட்டுப் பழகிய நமக்கு இதில் வியப்பு இருக்காது.

அணித்தலைவரான அந்த புஷ்காஷின் பெயரையே இன்று துருவிப் பார்ப்போம்.

ஹங்கேரிய மொழியும் நம் மொழியைப் போல ஒட்டுகளை அடுக்கி வளரும் மொழி. 'புஷ்கா' என்றால் துப்பாக்கி. அதன் இறுதியில் ஒரு 'ஷ்' சேர்ந்தால் அதை உடையவர், அதைக் கையாள்பவர். ஆக, புஷ்காஷ் என்பவர் துப்பாக்கிக்காரர். 'லான்த்' என்பது லூட் என்னும் நரம்பிசைக் கருவி. லான்தோஷ் அதை மீட்டுபவர். 'கோச்சி' என்றால் வண்டி, கோச்சிஷ் வண்டிக்காரர். கோச் என்ற ஹங்கேரியக் கிராமத்தில் செய்த வண்டிகள் ஐரோப்பாவெங்கும் பெயர்பெற்று, ஆங்கிலத்துக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தன. நாம் ரயிலில் தேடி ஏறும் 'கோச்' அந்தக் கிராமத்துச் சரக்குதான்.

இனி யாருக்கும் எழக்கூடிய ஊகம் இது. துருக்கியர் 1541 முதல் 1686 வரை புடா நகரைப் பிடித்து வைத்திருந்தார்கள். எல்லைக் கோட்டைகளில் துப்பாக்கி வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் நம் ஆட்டக்காரரின் மூதாதை. கேட்கவே நன்றாக இருக்கிறது. அகராதியும் பொருந்துகிறது, வரலாறும் பொருந்துகிறது. ஆனால் ஒன்றும் உண்மையில்லை.

1927இல் புடாபெஸ்டில் பிறந்தபோது அந்தக் குழந்தையின் பெயர் புர்ட்செல்ட் ஃபெரென்ட்ஸ். தந்தை வழியில் ஜெர்மானியக் குடும்பம். துருக்கியர் பின்வாங்கிய பிறகு வெறிச்சோடிக் கிடந்த நிலங்களில் குடியேற, டான்யூப் ஆற்றில் படகேறி வந்த ஜெர்மானியர்கள் ஏராளம். டான்யூப் ஸ்வாபியர் என்று அவர்களைச் சொல்வார்கள். புர்ட்செல்ட் என்பது புஷ்காஷ் ஆனது 1937இல், சிறுவனுக்குப் பத்து வயதாகும்போது. கோட்டையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஒரு விண்ணப்பம், ஓர் அரசாணை, அவ்வளவுதான்.

இப்போது பட்டியலுக்குத் திரும்புங்கள். லான்தோஷ், முன்னர் லிண்டன்மாயர். லோரான்த், முன்னர் லிப்போவிச். வெம்ப்ளியில் மூன்று கோல் அடித்த ஹிடெக்குட்டி, முன்னர் கால்டன்புருன்னர். இந்தக் கடைசிப் பெயர் அழகானது. ஜெர்மன் மொழியில் அது 'குளிர்ந்த கிணற்றடிக்காரர்'; ஹங்கேரிய மொழியில் ஹிடெக்குட்டியும் அதேதான். பொருளை அப்படியே எடுத்து வேறு மொழியில் ஊற்றிவிட்டார்கள். மற்றவர்கள் முதல் எழுத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டார்கள்: பு-வுக்குப் பு, லி-க்கு லா, லி-க்கு லோ. துணிமணிகளில் பின்னிய எழுத்தை மாற்ற வேண்டாமே என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

தேசியக் கவி பெத்தோஃபி ஷாண்டோரும் இதே வழியில் வந்தவர்தான். 1823இல் கிஷ்கோரோஷ் ஊரில் லத்தீன் பதிவேட்டில் ஏறிய பெயர் அலெக்சாண்டர் பெத்ரோவிச். ஸ்லாவிய 'ஓவிச்' என்பதும் மகன். ஹங்கேரிய 'ஃபி' என்பதும் மகன். 1842இல் அவர் அந்த ஒட்டை மாற்றி, ஹங்கேரிய இலக்கியத்தின் மிகப் பெரிய பெயரைத் தன் கையாலேயே செய்துகொண்டார்.

கவிஞர் ஒருவர் விரும்பிச் செய்ததை, அந்த நூற்றாண்டின் இறுதியில் ஓர் இயக்கமாக்கினார்கள். 1881இல் தெல்கெஷ் ஷிமோன் என்பவர் பெயர்களை ஹங்கேரியமயமாக்க ஒரு சங்கமே தொடங்கினார். அதே ஆண்டு விண்ணப்பக் கட்டணம் ஐந்து ஃபோரிந்திலிருந்து ஐம்பது கிரெய்ட்ஸராக, அதாவது பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பிறகு கேட்க வேண்டுமா? 1930களில் அரசு ஊழியர்களுக்கும் ராணுவ அதிகாரிகளுக்கும் மேலிடத்து வற்புறுத்தலும் சேர்ந்துகொண்டது. மொழிப்பற்றால் மாற்றியவரும் உண்டு, வேலைக்காக மாற்றியவரும் உண்டு. கோப்பில் இரண்டுக்கும் ஒரே முத்திரைதான்.

அப்படியானால் பழைய பெயர்களாவது நம்பத்தக்கவையா? அங்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். ஹங்கேரியில் குடும்பப் பெயர்கள் 14ஆம் நூற்றாண்டளவில் நிலமுடைய பிரபுக்களிடம் தோன்றி, அடுத்த இரு நூற்றாண்டுகளில் குடியானவர்களிடம் பரவின. அவற்றைச் சூட்டியவர்கள் அக்கம்பக்கத்தார். இரண்டு இஷ்த்வான்கள் இருந்தால் ஒருவர் நாட்ய், அதாவது பெரியவர். மற்றவர் கிஷ், சின்னவர். இன்று ஹங்கேரியில் மிக அதிகமானோர் தாங்கும் பெயர் நாட்ய்தான்.

அந்த வரிசையில் முதல் ஐந்துக்குள் தோத், ஹோர்வாத் என்று இரண்டு பெயர்கள் வருகின்றன. தோத் என்றால் ஸ்லாவியர், குறிப்பாக ஸ்லோவாக்கியர். ஹோர்வாத் என்றால் குரோஷியர். சற்றே யோசியுங்கள். ஊர் முழுவதும் ஸ்லோவாக்கியர்கள் வாழும் இடத்தில் ஒருவரை 'ஸ்லோவாக்கியர்' என்று யார் அழைப்பார்கள்? ஹங்கேரியர் நடுவே தனியாக வந்து குடியேறியவருக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும். தோத் என்ற பெயர் ஒரு குடும்பம் எந்த ஊரில் அந்நியமாக நின்றது என்பதைச் சொல்கிறது. நேமெத் என்றால் ஜெர்மானியர். ஆனால் ஜெர்மானியரோடு வியாபாரம் செய்தவருக்கும், அந்தப் பக்கம் போய்த் திரும்பியவருக்கும்கூட அது ஒட்டியிருக்கலாம். பெயரை வைத்து இரத்தம் பார்க்கக் கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

ஊர்ப்பெயரும் ஏமாற்றும். கணினி அறிவியலின் முன்னோடி ஜான் வான் நோய்மன் ஹங்கேரியில் 'மர்கித்தை நோய்மன் யானோஷ்'. மர்கித்தா என்பது திரான்சில்வேனியாவில் உள்ள ஓர் ஊர். அங்கே போய்ப் பதிவேடுகளைப் புரட்டினால் நேரம்தான் வீண். அந்தக் குடும்பத்துக்கும் ஊருக்கும் தொடர்பில்லை. 1913இல் தந்தைக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தபோது ஓர் ஊர்ப்பெயர் தேவைப்பட்டது. மனைவியின் பெயர் மர்கிட். அவ்வளவுதான் கதை. நோய்மன் என்பதும்கூட, 1787இல் இரண்டாம் யோசேஃப் பேரரசர் யூதர்கள் நிரந்தரமான ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்ட காலத்துக்குப் பின்னால் பெருகிய வகைப் பெயர். 'புது ஆள்' என்று பொருள்.

உண்மையாகவே தேட விரும்புகிறவர் என்ன செய்வது? அகராதியைக் கடைசியில் திறக்க வேண்டும். முதலில் பிறப்புப் பதிவு. ஹங்கேரியில் அரசுப் பதிவு 1895 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில்தான் பெயர் மாற்றிய குறிப்பு, உள்துறை அமைச்சக எண்ணோடு இருக்கும். ஓரத்தைப் படிக்காதவர் பாதியைத்தான் படித்தார். அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள், பல லத்தீனில். இஷ்த்வான் அங்கே ஸ்தெஃபானுஸ். கொல்லர் என்று பொருள்படும் கோவாச், எழுத்தரின் கைவண்ணத்தில் ஃபாபர் ஆகியிருக்கலாம். 1828 முதல் பதிவேடுகளுக்கு இரண்டாம் படியும் எடுத்து வைத்தார்கள்; மூலம் எரிந்துபோன ஊர்களில் அதுவே கதி. இன்னொன்று: முதல் உலகப் போருக்குப் பின், 1920 ஜூன் 4 அன்று கையெழுத்தான திரியனோன் உடன்படிக்கையில் பழைய அரசின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தாத்தாவின் ஊர் இன்று ஸ்லோவாக்கியாவிலோ ருமேனியாவிலோ செர்பியாவிலோ வேறு பெயரில் இருக்கும். ஆவணக் காப்பகமும் அந்த நாட்டில்தான்.

ஹங்கேரியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. அரசுப் படிவங்களில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்பார்கள். தந்தை வழி அறுந்த இடத்தில் அது கைகொடுக்கும். புஷ்காஷின் தாயார் பிரோ மர்கிட். பிரோ என்றால் நீதிபதி, பழைய காலத்தில் ஊர்த்தலைவர். ஆனால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். பால்பாயின்ட் பேனாவைக் கண்டுபிடித்த பிரோ லாஸ்லோ பிறந்தபோது ஷ்வெய்கர்.

நம் ஆட்டக்காரரின் கணக்கை முடித்துவிடுகிறேன். புடாபெஸ்டின் கிஷ்பெஷ்ட் பகுதிக் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது போதவில்லை. அதனால் கோவாச் மிக்லோஷ் என்ற பொய்ப் பெயரில் ஆடினார். மறைய நினைப்பவனுக்குக் கொல்லன் பெயரைவிடக் கூட்டமான பெயர் வேறு எங்கே கிடைக்கும்! பல ஆண்டுகள் கழித்து ஸ்பெயினில் ரியல் மாட்ரிட் ரசிகர்கள் அவருடைய இடது கால் உதையைப் பார்த்து 'சின்னப் பீரங்கி' என்றார்கள். 1937இல் காகிதத்தில் வாங்கிய துப்பாக்கி அங்கேதான் முதன்முதலாக வெடித்தது.

புர்ட்செல்ட், புஷ்காஷ், கோவாச். மூன்றும் ஏதோ ஒரு பதிவேட்டில் ஏறியவை. ஆனால் ஹங்கேரியர்கள் கடைசிவரை அவரை அழைத்தது ஓச்சி என்று. அவர்கள் மொழியிலும் நம்மைப் போல அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல். ஓச்சி என்றால் தம்பி.